எலும்பு கூடிடுச்சு, கை மட்டும் ஏன் இன்னும் எரியுது?

நீங்க நாலு கேள்வி கேட்டிருக்கீங்க, ஆனா ரெண்டு தடவை படிச்சுப் பார்த்ததுல அடியில இருக்கறது ஒரே கேள்விதான்னு தோணுது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சது, ஆறு வாரம் மாவுக்கட்டு, கட்டுப் பிரிச்சு நாலு மாசம் ஆச்சு, எக்ஸ்ரே பார்த்துட்டு எலும்பு நல்லா கூடிடுச்சு போய் வேலையைப் பாருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா கை ராத்திரியெல்லாம் எரியுது, துப்பட்டா நுனி பட்டாக்கூட உயிர் போகுது, மாமியார் நடிப்புங்கறாங்க, வீட்ல உக்காந்து பிளவுஸ் தச்சு சம்பாதிச்சுக்கிட்டிருந்த ஆள் இப்ப மெஷினைத் துணி போட்டு மூடி வச்சிருக்கீங்க. எல்லாம் சரியாப் போச்சுன்னா ஏன் வலிக்குது, வலிக்குதுன்னா ஏன் யாருக்கும் தெரிய மாட்டேங்குது, இது இப்படியேதான் இருக்குமா, இதுதானே உங்க கேள்வி. நான் பிசியோதெரபிஸ்ட், கை அடிபட்டு வர்றவங்களைத்தான் வருஷக்கணக்கா அதிகம் பார்க்கிறேன், அதனால எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். மருந்து பத்தி சொல்றது எல்லாம் டாக்டர்கிட்ட பேசும்போது உங்களுக்கு விவரம் தெரியணும்ங்கறதுக்குத்தான், இதை வச்சு மாத்திரை மாத்திக்காதீங்க.

முதல்ல ஒரு விஷயம், எழுத்தைப் படிச்சு யாருக்கும் நோய் இன்னதுன்னு சொல்ல முடியாது, கையைத் தொட்டுப் பார்க்காம சொல்றவங்களை நம்பவும் வேணாம். ஆனா நீங்க எழுதியிருக்கற அடையாளங்கள், அதாவது ஒரு நேரம் கை செவசெவன்னு சுடுது, ஒரு நேரம் நீலம் பாரிச்சு ஜில்லுன்னு இருக்கு, உள்ளங்கை மட்டும் வியர்க்குது, புறங்கை வீங்கி தோல் பளபளன்னு ஆயிடுச்சு, அந்தக் கையில நகம் மட்டும் வேற மாதிரி வளருது, விரலை மடக்க முடியல, இதெல்லாம் சேர்ந்து வரும்போது எங்க ஆளுங்க எல்லாரும் முதல்ல நினைக்கறது சிஆர்பிஎஸ்தான், காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம், அதாவது அடிபட்ட கையிலயோ கால்லயோ அளவுக்கு மீறி நீடிக்கற வலி நோய். பழைய ரிப்போர்ட்ல ஆர்எஸ்டின்னோ சூடெக் அட்ரோஃபின்னோ எழுதியிருப்பாங்க, எல்லாம் இதே சங்கதிதான், 1994ல இருந்து இந்தப் பேரு. இதுக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, எம்ஆர்ஐ எடுத்தும் உறுதி பண்ண முடியாது, சில பேருக்கு எக்ஸ்ரேல எலும்பு திட்டுத்திட்டா அடர்த்தி குறைஞ்சு தெரியும், பல பேருக்கு அதுவும் இருக்காது. புடாபெஸ்ட் க்ரைடீரியான்னு ஒண்ணு இருக்கு, அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும். அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத வலி தொடர்ந்து இருக்கணும், அதுக்கு மேல தொடு உணர்ச்சி, நிறமும் சூடும், வியர்வையும் வீக்கமும், அசைவும் நகமும் முடியும்னு நாலு வகை, இதுல மூணு வகையிலயாவது உங்களுக்குத் தொந்தரவு இருக்கணும், ரெண்டு வகையிலயாவது டாக்டர் தன் கண்ணால பார்த்துக் குறிக்கணும், வேற எந்த நோயும் இதை இன்னும் நல்லா விளக்கக்கூடாது. அவ்வளவுதான், கையை மடியில வச்சு பத்து நிமிஷம் பொறுமையாப் பார்த்தா போதும். அந்தப் பத்து நிமிஷம்தான் நம்ம ஊர் ஓபியில கிடைக்க மாட்டேங்குது, அது வேற கதை.

வேற எந்த நோயும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிறது ரொம்ப முக்கியம், ஏன்னா அதுல சிலது அவசரம். காய்ச்சலோட கை சிவந்து சிவப்பு மேல ஏறுதுன்னா அது இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கை முழுக்கத் திடீர்னு வீங்கினா ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கான்னு பார்க்கணும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும் ராத்திரியில மதமதன்னு மரத்துப்போய் உதறினா கொஞ்சம் சரியாகுதுன்னா அது மணிக்கட்டுல நரம்பு அழுந்தறது, கார்ப்பல் டனல், மணிக்கட்டு முறிவுக்கு அப்புறம் அதுவும் சகஜம், சிஆர்பிஎஸ் கூடவே சேர்ந்தும் இருக்கும், அதைச் சரி பண்ணினா பாதி வலி குறையற ஆளுங்களும் உண்டு. இன்னொண்ணு யாரும் கேக்க மாட்டாங்க, உள்ளங்கையை மேஜை மேல பரப்பி வச்சுட்டு கட்டைவிரலை மட்டும் மேல தூக்கிப் பாருங்க. முன்னாடி தூக்க முடிஞ்சு இப்ப திடீர்னு தூக்க முடியலைன்னா கட்டைவிரலைத் தூக்கற தசைநாண் அறுந்திருக்கலாம், மணிக்கட்டு முறிஞ்சு சில வாரம் கழிச்சு பெரிய வலியே இல்லாம இது நடக்கறது உண்டு, அதுக்கு சர்ஜன்தான் பார்க்கணும்.

இப்ப ஏன் வலிக்குதுங்கறதுக்கு வர்றேன். இதுல ஓரளவு உறுதியாத் தெரிஞ்சது இருக்கு, இன்னும் யாருக்கும் பிடிபடாததும் இருக்கு. உறுதியாத் தெரிஞ்சது என்னன்னா, அடிபட்ட இடத்துல வீக்கம் வத்தற நேரத்துல வத்தாம நரம்பு நுனிகள் தொடர்ந்து தூண்டிவிடப்பட்டே இருக்கு, தண்டுவடத்துல அந்தச் செய்தியைக் கடத்தற செல்கள் கூர்மையாகி சாதாரணத் தொடுதலையும் வலின்னு மேல அனுப்ப ஆரம்பிக்குது, ரத்தக்குழாயைச் சுருக்கி விரிக்கிற நரம்புகளும் தாறுமாறா வேலை செய்யறதாலதான் அந்த நிறமாற்றமும் வியர்வையும். திருடன் வந்துட்டுப் போன வீட்டு நாய் அடுத்த நாள்ல இருந்து பால்காரரைப் பார்த்தும் குரைக்குமே, அந்த மாதிரி. நாய் பொய்யாக் குரைக்கல, நிஜமாத்தான் குரைக்குது, ஆனா வாசல்ல திருடன் இல்ல. மூளையில கைக்குன்னு இருக்கற வரைபடமும் கலைஞ்சு போறதா பல ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க, அதனாலதான் சில பேரு இது என் கை மாதிரியே இல்லைங்கறாங்க, கண்ணை மூடிக்கிட்டா கை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு சொல்லத் தெரியாது. நீங்களும் அப்படி ஒரு வரி எழுதியிருக்கீங்க, அதை மனக்கோளாறுன்னு பயந்துக்க வேணாம், இந்த நோய்ல பல பேருக்கு அது வர்றது உண்டு. ஆனா ஒரே மாதிரி விழுந்து ஒரே மாதிரி முறிஞ்ச பத்து பேர்ல ஒருத்தருக்கு மட்டும் ஏன் இப்படி ஆகுதுங்கறது உலகத்துல யாருக்கும் சரியாத் தெரியாது. பெண்களுக்கு மூணு நாலு மடங்கு அதிகம் வருது, காலை விட கையில அதிகம், அதுலயும் மணிக்கட்டு முறிவுக்கு அப்புறம்தான் ரொம்ப அதிகம், இது வரைக்கும் கணக்கு இருக்கு. கட்டு ரொம்ப இறுக்கமா இருந்து, பிரிச்சுப் போடச் சொல்லிக் கேட்டும் போடாம விட்டவங்களுக்கு வருதுன்னு பல டாக்டர்ங்க நம்பறாங்க, நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனா ஒருத்தரைக் காட்டி இவருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. உங்க முதல் டாக்டர் மேல கோவப்பட்டு இருக்கற தெம்பை அதுல செலவழிக்காதீங்க.

நடிப்புங்கற பேச்சுக்கு ஒரு பழைய கதை சொல்றேன், உங்க மாமியாருக்கும் படிச்சுக் காட்டுங்க. 1860கள்ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் நடந்தப்ப பிலடெல்பியாவுல நரம்புக் காயம் பட்ட சிப்பாய்களுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சு, அங்க சைலஸ் வெய்ர் மிட்செல்னு ஒரு டாக்டர். குண்டடி பட்ட காயம் ஆறின பிறகும் கை எரியுதுன்னு கத்தின சிப்பாய்களைப் பத்தி அவர் எழுதி வச்சிருக்காரு. ஈரத்துணியைக் கையில சுத்திக்கிட்டே திரிவாங்களாம், பக்கத்துல ஒருத்தர் பேப்பர் புரட்டற சத்தம், வார்டுக்குள்ள யாரோ நடந்து போற அதிர்வு, இதுக்கே துடிப்பாங்களாம். போர்க்களத்துல நின்ன ஆம்பளைங்க, யாருக்காக நடிக்கணும்? அவங்களுக்கு நரம்பே அடிபட்டிருந்தது, உங்களுக்கு அப்படித் தெரியல, அதனால நரம்பு அடிபடாதது முதல் வகை, அடிபட்டது ரெண்டாம் வகைன்னு இப்ப பிரிக்கிறாங்க, ஆனா அந்த எரிச்சல் ஒண்ணுதான். ஒரு குறிப்பிட்ட சுபாவம் இருக்கறவங்களுக்குத்தான் இந்த நோய் வரும்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தாங்க, தேடிப் பார்த்ததுல அதுக்கு ஆதாரம் நிக்கல. இன்னொரு பக்கமும் சொல்லணும், பயமும் கவலையும் நோயை உண்டாக்கலைன்னாலும் வந்த பிறகு அதை இழுத்துக்கிட்டுப் போறதுல அதுக்குப் பங்கு இருக்கு. கையை அசைச்சா மறுபடி உடைஞ்சுடும்ங்கற பயம் இருக்கறவங்க கையை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க, முந்தானைக்குள்ள மறைச்சு வச்சுப்பாங்க, அப்படியே மாசக்கணக்கா விட்டா மூட்டு இறுகி, தசை சூம்பி, எலும்பும் வலுவிழந்து போயிடும், அப்புறம் அசைக்கறது இன்னும் கஷ்டம்.

அதனால நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கறதுல முக்கியமானது இதுதான்: இப்ப உங்க கையில வர்ற வலி நிஜம், ஆனா அது எலும்பு உடையுதுன்னு சொல்ற வலி இல்ல. இந்த நோய்ல ஓய்வு மருந்தாகாது. கொஞ்சம் கொஞ்சமா, அளவா, தினமும் பல தடவை கையை உபயோகிக்கறதுதான் மருந்து. அளவு எப்படித் தெரியும்னா, ஒரு வேலை செஞ்ச பிறகு வலி கொஞ்சம் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள்ள பழைய நிலைக்கு இறங்கிட்டா அது சரியான அளவு. அடுத்த நாள் காலை வரைக்கும் இழுத்துச்சுன்னா அடுத்த தடவை பாதியாக் குறைங்க, ஆனா நிறுத்தாதீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு வலியைத் தாங்கற பயிற்சி இது இல்ல, யாராவது பிசியோ உங்க விரலைப் பிடிச்சு வலுக்கட்டாயமா மடக்கி நீங்க அழுதுட்டு வெளிய வந்தீங்கன்னா தைரியமா வேற ஆளைப் பாருங்க, எங்க தொழில்லயே இதைச் சரியாத் தெரியாதவங்க இருக்காங்க.

தொட்டாலே தாங்கலைங்கறதுக்குத் தொடுதலையே பழக்கணும். ஆரம்பத்துல வலிக்கற இடத்துக்குப் போகவே வேணாம், முழங்கைக்குக் கீழ எந்த இடம் வரைக்கும் தொட்டா தாங்குதோ அங்க இருந்து ஆரம்பிங்க. பட்டுத்துணியோ பழைய வாயில் புடவைத் துண்டோ எடுத்து, முதல்ல நல்ல கையில அதே இடத்துல தேய்ச்சு அந்த உணர்ச்சி எப்படி இருக்குன்னு கவனிச்சுட்டு, அப்புறம் வலிக்கற கைக்கு வாங்க, கையைப் பார்த்துக்கிட்டே, லேசாத் தடவாம கொஞ்சம் அழுத்தமா, ஒரே சீரா. இறகு மாதிரி லேசாப் படறதுதான் இவங்களுக்கு ரொம்ப வலிக்கும், உள்ளங்கையை வச்சு அழுத்தற மாதிரி தொட்டா தாங்கிப்பாங்க, இது பல பேருக்கு ஆச்சரியமா இருக்கும். ரெண்டு மூணு நிமிஷம் போதும், ஆனா ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை. அது பழகினதும் காட்டன், அப்புறம் டவல், அப்புறம் ஒரு டப்பாவுல உளுந்தோ அரிசியோ போட்டு அதுக்குள்ள கையை விட்டு அளையறது. துப்பட்டா படறதுக்கே பயந்தவங்க உளுந்துக்குள்ள கை விட ஆரம்பிக்க வாரக்கணக்கில ஆகும், அதுல அவசரம் கூடாது. வெதுவெதுப்பான தண்ணியில கையை வச்சுக்கிட்டு விரலை மடக்கி நீட்டறது பல பேருக்கு இதமா இருக்கும், சூடு எவ்வளவுன்னு நல்ல கையால பார்த்துட்டுத்தான் அந்தக் கையை விடணும்.

கண்ணாடிப் பயிற்சி பத்தி யூடியூப்ல பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க, அது ஏமாத்து வேலை இல்ல. அதைக் கண்டுபிடிச்சவர் வி. எஸ். ராமச்சந்திரன், நம்ம சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர், 1990கள்ல கை கால் எடுத்தவங்களுக்கு இல்லாத கையில வர்ற வலிக்காக அமெரிக்காவுல இருந்து இதைச் செஞ்சு காட்டினாரு, சிஆர்பிஎஸ்ஸுக்கு அப்புறமாத்தான் மத்தவங்க கொண்டு வந்தாங்க. செலவு ஒண்ணும் இல்ல, கை முழுசாத் தெரியற அளவுக்கு ஒரு கண்ணாடியை மேஜை மேல உங்க நெஞ்சுக்கு நேரா, ரெண்டு கைக்கும் நடுவுல, பிம்பம் தெரியற பக்கம் நல்ல கையைப் பார்த்த மாதிரி செங்குத்தா நிறுத்தி, வலிக்கற கையைக் கண்ணாடிக்குப் பின்னாடி வச்சுட்டு, நல்ல கையை முன்னாடி வச்சு அதோட பிம்பத்தை மட்டும் பார்க்கணும். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிடுங்க, ஒரு கையில மட்டும் வளையல் இருந்தா மூளை நம்பாது. முதல்ல சும்மா பார்த்தா போதும், அப்புறம் நல்ல கையை மெதுவா அசைச்சு, முடிஞ்சா பின்னாடி இருக்கற கையையும் அதே மாதிரி அசைக்கணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேணாம். தலை சுத்தினாலோ பார்த்தாலே வலி ஏறினாலோ நீங்க ஒரு படி முன்னாடி இருந்து ஆரம்பிக்கணும்னு அர்த்தம், அதாவது கைப் படங்களைப் பார்த்து இது இடதா வலதான்னு சொல்ற பயிற்சி, அது பழகினதும் கையை அசைக்கற மாதிரி மனசுல மட்டும் நினைக்கறது, கடைசியாத்தான் கண்ணாடி. ஆராய்ச்சிகள் இருக்கு, பலன் கிடைச்சதாத்தான் சொல்லுது, ஆனா எல்லாம் சின்னச் சின்ன ஆராய்ச்சி, அதனால இதை மந்திரம்னு சொல்ல மாட்டேன். கெடுதல் குறைவு, காசு இல்ல, அதனால நான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறேன், சில பேருக்கு நல்லா வேலை செய்யுது, சில பேருக்கு ஒண்ணும் ஆகல.

தையல் மெஷினுக்கு வர்றேன். திரும்ப உக்காரலாம், ஆனா பழைய மாதிரி ஒரே மூச்சுல நாலு பிளவுஸ் முடிக்கற கணக்கோட உக்காரக்கூடாது. இந்த வலி இருக்கறவங்க எல்லாரும் மாட்டிக்கற ஒரு வலை இருக்கு, வலி குறைஞ்ச நாள்ல தேங்கிக் கிடந்த வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்வாங்க, அடுத்த மூணு நாள் கையைத் தூக்க முடியாமப் படுத்துப்பாங்க, அப்புறம் வேலை செஞ்சதாலதான் வலி வந்துச்சுன்னு ஒரு வாரம் தொடவே மாட்டாங்க. வலி எப்படி இருக்குங்கறதை வச்சு வேலையை நிறுத்தாதீங்க, கடிகாரத்தை வச்சு நிறுத்துங்க. மோசமான நாள்லயும் செய்ய முடியற அளவு எதுவோ அதுதான் உங்க ஆரம்பம், அது அஞ்சு நிமிஷமா இருந்தா அஞ்சு நிமிஷம், போன்ல அலாரம் வச்சுக்கோங்க, அலாரம் அடிச்சா கை நல்லா இருந்தாலும் எழுந்துடணும், இதுதான் எல்லாருக்கும் கஷ்டமா இருக்கு. வேலையிலயும் வரிசை இருக்கு, கத்தரிக்கோல்தான் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் ரொம்ப பாரம், அதனால வெட்டற வேலையைக் கொஞ்ச நாள் வேற யாருக்காவது குடுங்க, இல்லைன்னா நூல் வெட்டற சின்ன ஸ்பிரிங் கத்தரியில ஆரம்பிங்க. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கறது, நேர்த்தையல் ஓரம் அடிக்கறது, இதுல துணியை மெஷின் தானா இழுத்துக்கும், உங்க கை வழிகாட்டினா போதும், அங்க இருந்து தொடங்கலாம். ஹூக் வைக்கறது, கையால ஹெம்மிங் பண்றது, ஊசியைக் கிள்ளிப் பிடிக்கற வேலை எல்லாம் கடைசியில. மோட்டார் மெஷினா இருந்தா அந்த அதிர்வே சில பேருக்கு ஆகாது, மேஜைக்கும் கைக்கும் நடுவுல மடிச்ச துணி வச்சுப் பாருங்க. வெளி வேலைக்கு முன்னாடி வீட்டு வேலையே நல்ல பயிற்சி, மேடையைத் துணியால அழுத்தித் துடைக்கறது, சின்னப் பையில ஒரு கிலோவுக்கும் கம்மியா எதையாவது போட்டு அந்தக் கையில தொங்கவிட்டு நடக்கறது, அழுத்தமும் இழுவையும் கைக்குத் திரும்பக் குடுக்கணும், இதை ஒரு முறையாவே வச்சிருக்கோம்.

செய்யக்கூடாததும் சொல்லிடறேன். ஐஸ் வைக்காதீங்க, எரியுதேன்னு எல்லாருக்கும் தோணும், ஆனா ஏற்கனவே ரத்த ஓட்டம் தடுமாறற கைக்கு அது நல்லதில்ல. சரியாக் கூடலை போலன்னு யாராவது சொல்றதைக் கேட்டு மறுபடி கட்டுப் போட எங்கயும் போகாதீங்க, எலும்பு கூடின கையைத் திரும்பக் கட்டிவச்சா இத்தனை நாள் பட்டது வீணாப் போயிடும். எண்ணெய் போட்டு அழுத்தி உருவி விடறதும் அப்படித்தான், நீங்களே தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாத் தடவிக்கறதுல தப்பில்ல, அது நான் மேல சொன்ன தொடுதல் பயிற்சியாவே ஆயிடும். கையைக் கழுத்துல தூளி கட்டித் தொங்கவிடறதையும் விடுங்க, வீக்கத்துக்குத் தலையணை மேல வச்சுக்கிட்டா போதும்.

மருந்து விஷயத்துல உறுதியாச் சொல்லக்கூடியது குறைவு. டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இந்த எரிச்சலுக்குப் பெருசாக் கேக்காது, மாசக்கணக்கா முழுங்கினா வயிறும் கிட்னியும் கெட்டுப்போகும், நீங்க மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கிச் சாப்பிடறேன்னு எழுதினது எனக்குக் கவலையா இருக்கு. நரம்பு வலிக்குன்னு குடுக்கற பிரிகாபலின், காபாபென்டின், ராத்திரியில குறைஞ்ச அளவு அமிட்ரிப்டிலின், இதெல்லாம் சில பேருக்கு எரிச்சலைக் குறைக்கும், தூக்கம் வரும், சில பேருக்குத் தூக்கக்கலக்கத்தைத் தவிர ஒண்ணும் நடக்காது, ஆனா திடீர்னு நீங்களா நிறுத்தக்கூடாது. வந்த புதுசுல, வீக்கமும் சூடும் இருக்கற கட்டத்துல கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு, இல்லைன்னா எலும்புத் தேய்மானத்துக்குக் குடுக்கற பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து, இந்த ரெண்டுக்கும் ஓரளவு ஆதாரம் இருக்கு, நாலு மாசம்ங்கறது இன்னும் கேட்டுப் பார்க்கற கட்டம்தான், சுகர் இருந்தா ஸ்டீராய்டுக்கு முன்னாடி கண்டிப்பாச் சொல்லணும். கழுத்துல நரம்பு முடிச்சுக்கு ஊசி போடறது, ஸ்டெல்லேட் கேங்லியான் பிளாக்னு சொல்வாங்க, ஆராய்ச்சிகளை வச்சுப் பார்த்தா ஆதாரம் பலமா இல்ல, ஆனா நேர்ல சில பேருக்குச் சில நாள் வலி இறங்கறதைப் பார்த்திருக்கேன், அந்த இடைவெளியில பயிற்சியை வேகமாச் செஞ்சுட்டா லாபம், ஊசி போட்டுட்டு வீட்ல படுத்துக்கிட்டா போட்ட காசு போச்சு. வலியைக் குறைக்க லேசா மின்சாரம் குடுக்கற கருவியைத் தண்டுவடத்துல வைக்கறது எல்லாம் எதுக்கும் கேக்காத சில பேருக்கு, உங்களுக்கு இப்ப அந்தப் பேச்சே வேணாம். கையையே எடுத்துடலாமான்னு தோணுதுன்னு எழுதியிருக்கீங்க, அப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்க இல்ல, ஆனா எடுத்தாலும் வெட்டினது போக மிச்சம் இருக்கற பகுதியிலயும் இல்லாத கையிலயும் அதே வலி வர்றது உண்டு. வைட்டமின் சி பத்தி உங்க கேள்விக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருக்காரு, மணிக்கட்டு உடைஞ்ச அன்னையில இருந்து தினம் 500 மில்லிகிராம் 50 நாள் சாப்பிட்டா இந்த நோய் வர்றது குறையுதுன்னு நெதர்லாந்துல சொன்னாங்க, அப்புறம் வந்த ஆராய்ச்சிகள்ல சிலது அதை ஒத்துக்கல, எப்படி இருந்தாலும் அது வராமத் தடுக்கத்தான், வந்த பிறகு குணமாக்க இல்ல.

இப்படியேதான் இருக்குமான்னு கேட்டீங்க. வீக்கம், நிறம் மாறறது, சூடு இதெல்லாம் பெரும்பாலானவங்களுக்கு முதல் வருஷத்துக்குள்ளயே நல்லாக் குறைஞ்சுடுது. விரல் விறைப்பும் வலுக்குறைவும் மெதுவாத்தான் போகும், குளிர்ல வலி, வேலை அதிகமானா எரிச்சல்னு கொஞ்சம் மிச்சம் பல பேருக்கு இருக்கு. ஒரு பகுதி ஆளுங்களுக்கு வருஷக்கணக்கா இருக்கு, அதை மறைச்சு எல்லாம் சரியாயிடும்னு சொன்னா அது பொய். நீங்க எந்தப் பக்கம்னு இப்பவே சொல்ல எந்த டெஸ்டும் இல்ல, ஆனா சீக்கிரம் கண்டுபிடிச்சு அசைக்க ஆரம்பிச்சவங்க நல்லா வர்றாங்கன்னு நாங்க பார்க்கறதும் அதுதான், புத்தகம் சொல்றதும் அதுதான். அதனால வலி எத்தனைன்னு தினமும் மார்க் போடறதை விடுங்க, கை என்ன செய்யுதுன்னு எழுதி வைங்க, இன்னைக்கு ஜாக்கெட் ஹூக் போட முடிஞ்சுது, டம்ளர் பிடிக்க முடிஞ்சுதுன்னு. வலி குறையறதுக்கு முன்னாடியே கை வேலை செய்யத் தொடங்கும், அந்த வரிசை தெரியாததாலதான் பாதிப் பேரு பயிற்சியைப் பாதியில விடறாங்க.

வீட்டு விஷயம். நடிக்கறான்னு சொல்றவங்க ஒரு பக்கம்னா, நீ ஒண்ணும் தொடாத நானே செய்யறேன்னு சொல்ற உங்க வீட்டுக்காரர் இன்னொரு பக்கம், அன்புலதான் சொல்றாரு, ஆனா கைக்கு ரெண்டுமே கெடுதல். அவரை அடுத்த தடவை டாக்டர்கிட்ட கூடவே கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேட்டாத்தான் நம்ம வீடுகள்ல எடுபடும். மாமியாரை உங்க ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க, நிறத்தையும் நகத்தையும் யாரும் நடிச்சுக் காட்ட முடியாது. ராத்திரித் தூக்கம் போனதுக்கு அப்புறம் சாகலாம் போல இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டு அப்படியே தாண்டிப் போயிட்டீங்க, நான் தாண்டல. இந்த வலியில அந்த நினைப்பு வர்றது உங்க பலவீனம் இல்ல, ஆனா அதை டாக்டர்கிட்டயும் சொல்லணும், வீட்லயும் ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும், ராத்திரி யாரும் இல்லைன்னா 14416க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ், அரசாங்க லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

எங்க போறதுன்னா, முதல்ல கட்டுப் போட்ட எலும்பு டாக்டர்கிட்டயே போய் எனக்கு சிஆர்பிஎஸ்ஸா இருக்குமா, புடாபெஸ்ட் முறையில பார்த்துச் சொல்லுங்கன்னு நேரடியாக் கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. அவர் சரியாக் கவனிக்கலைன்னா பெரிய ஊர்கள்ல பெயின் கிளினிக் இருக்கும், பெரும்பாலும் மயக்க மருந்து டாக்டர்கள்தான் நடத்துவாங்க. காசு கஷ்டம்னு எழுதியிருக்கறதால சொல்றேன், அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல பிசியோதெரபி இலவசம், சென்னைப் பக்கம் இருந்தா கே.கே. நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு, தினமும் பஸ் ஏறி வர முடியலைன்னா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வர்றாங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுத்துக் கேட்டுப் பாருங்க. எக்ஸ்ரே ரெண்டையும், அதாவது உடைஞ்சப்ப எடுத்ததையும் கட்டுப் பிரிச்ச பிறகு எடுத்ததையும், கையில வச்சுக்கோங்க. கை செவந்து வீங்கியிருக்கற நேரத்துல ரெண்டு கையையும் சேர்த்து போன்ல போட்டோ எடுத்து வைங்க, ஏன்னா டாக்டர் முன்னாடி உக்காரும்போது அன்னைக்குன்னு பார்த்து கை ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு கேக்க மறந்துட்டேன், அந்தப் பக்கம் தோள் எப்படி இருக்கு? கையைத் தலைக்கு மேல தூக்கி முடி வார முடியுதா, முதுகுக்குப் பின்னாடி கொண்டு போக முடியுதா? கையையே பார்த்துக்கிட்டு தோளை விட்டுட்டா அதுவும் இறுகிடும், சுகர் இருக்கறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். இதையும், சுகர் தைராய்டு ஏதாவது இருக்காங்கறதையும், கட்டைவிரல் மேல தூக்க முடிஞ்சுதாங்கறதையும் கீழ எழுதுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.